வீடும் உடன் வந்த பயணம்



'கேரவன்' என்ற சொல்லைக் கேட்டவுடன் இன்றைய தமிழ் வாசகர் பலருக்கு நினைவில் எழுவது, படப்பிடிப்புத் தளங்களில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் சொகுசு வண்டியாகத்தான் இருக்கும். ஆனால், அச்சொல்லின் வேர் பாரசீக மொழியில் இருக்கிறது. 'கார்வான்' என்று பாரசீகரும், 'காஃபிலா' என்று அரபியரும் அழைத்தது, ஒட்டகங்களில் பொதியேற்றிப் பாலை கடந்து சென்ற பயணக் கூட்டத்தையே ஆகும். யூசுஃப் நபி (அலை) அவர்களைக் கிணற்றிலிருந்து வெளியே எடுத்தது அத்தகைய ஒரு கூட்டம்தான். குறைஷியரின் மாரிக்காலப் பயணத்தையும் கோடைக்காலப் பயணத்தையும் திருமறையின் ஓர் அத்தியாயமே நினைவூட்டுகிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இளம் பருவத்தில் தம் பெரிய தந்தை அபூதாலிப் அவர்களுடன் ஷாம் நாட்டை நோக்கிச் சென்றதும், பின்னர் அன்னை கதீஜா (ரலி) அவர்களின் வணிகப் பொருள்களைக் கொண்டு சென்றதும் இத்தகைய காஃபிலாக்களில்தாம்.

கீழைநாட்டில் பிறந்த இச்சொல் ஐரோப்பிய மொழிகளின் வழியே ஆங்கிலத்தில் புகுந்தபோது பொருள் மாறிற்று. கூட்டத்தைக் குறித்த சொல், சக்கரங்களின் மேல் அமைந்த சிறு வீட்டைக் குறிக்கலாயிற்று. அப்படிப்பட்ட ஒரு வீட்டில், இங்கிலாந்தின் கிழக்குக் கடற்கரையில், ஒரு வார இறுதியைக் கழிக்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. அங்கே கண்டவற்றுள் நம் இல்லங்களுக்குப் பயன்படக் கூடியவற்றை இம்மாதம் எழுத விரும்புகிறோம்.

உழைப்பாளி பெற்ற ஓய்வு

ஆங்கிலேயர் கடற்கரைக்குச் செல்வது பழைய வழக்கமே எனினும், தொடக்கத்தில் அது செல்வந்தரின் உரிமையாகவே இருந்தது. ஆலைத் தொழிலாளியின் குடும்பம் கடலைக் காண்பதற்கு இரண்டு வாயில்கள் திறக்க வேண்டியிருந்தன. ஒன்று, ரயில் பாதை. மற்றொன்று, சட்டப்படியான விடுமுறை. 1871-ஆம் ஆண்டில் வங்கி விடுமுறைச் சட்டம் நிறைவேறிற்று. 1873-இல் லிங்கன்ஷயர் மாவட்டத்தின் ஸ்கெக்னெஸ் என்னும் சிற்றூருக்கு ரயில் வந்து சேர்ந்தது. லெஸ்டர், நாட்டிங்காம், டெர்பி ஆகிய தொழில் நகரங்களின் மக்கள் ஒரு நாள் பயணமாக அங்கே திரண்டனர்.

சக்கர வீட்டின் கதை வேறு. 1885-இல் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் முன்னாள் கடற்படை மருத்துவர், இரண்டு குதிரைகள் இழுக்கும் வண்டி வீடு ஒன்றைப் பிரிஸ்டல் நகரில் கட்டுவித்து, அதில் ஸ்காட்லாந்துவரை சென்று வந்தார். இன்பப் பயணத்திற்கென்றே கட்டப்பட்ட முதல் வண்டிகளுள் ஒன்றாக அது கருதப்படுகிறது. 1907-இல் இத்தகைய பயணிகளுக்கென ஒரு சங்கம் தோன்றிற்று. 1919-இல் பர்மிங்காம் நகரில் மோட்டார் வாகனம் இழுத்துச் செல்லும் வண்டி வீடுகளின் உற்பத்தி தொடங்கிற்று.

1936-இல் ஸ்கெக்னெஸ் அருகே பில்லி பட்லின் என்பவர் தம் முதல் விடுமுறை முகாமைத் திறந்தார். 1938-இல் வந்த சட்டம், தொழிலாளர்க்கு ஆண்டில் ஒரு வாரம்வரை ஊதியத்துடன் கூடிய விடுமுறை வழங்க வழிவகுத்தது. இன்று பிரிட்டனில் வாரம் ஐந்து நாள் உழைப்பவர்க்கு ஆண்டில் 28 நாள் ஊதிய விடுமுறை சட்டப்படி உண்டு. ஓய்வு என்பது சோம்பல் அன்று, அது உழைப்பவரின் உரிமை என்பதை அந்நாடு ஏற்றுக்கொள்ள ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் பிடித்தன.

ஓர் அறை, ஐந்து உயிர்கள்

லெஸ்டர் நகரில் வாழும் எம் தங்கை மகனின் குடும்பத்தோடுதான் நாம் சென்றோம். அவர் ஒரு சரக்குக் கிடங்கில் இரவுப் பணி செய்கிறார். அவருடைய துணைவியார் மருந்துக் கடையொன்றில் பகலில் பணியாற்றுகிறார். பதினான்கு வயதில் ஒரு மகள், பதினொன்றிலும் ஆறிலும் இரு மகன்கள். கணவர் வீடு திரும்பும் வேளையில் மனைவி புறப்படுகிறார். பிள்ளைகளோ அவரவர் அறையில், அவரவர் கைப்பேசியோடு இருக்கின்றனர். அவ்வீட்டில் விருந்தினராகத் தங்கிய முதல் நான்கு நாள்களில், ஐவரும் ஒரே ஸஹனில் அமர்ந்து உண்டதை நாம் ஒருமுறைகூடக் காணவில்லை. அவர்களிடையே சண்டை இல்லை, சச்சரவு இல்லை. அன்பும் உண்டு. நேரம்தான் இல்லை.

ஜூலை இறுதியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் புறப்பட்டோம். வண்டி வீட்டை இழுத்துச் செல்லும் காருக்கு அந்நாட்டில் தனி விதிகள் உள்ளன. நடுவே பிரிப்பில்லாத சாலையில் மணிக்கு 50 மைல், நெடுஞ்சாலையில் 60 மைல் என்பதே உச்ச வேகம். மூன்று தடங்கள் உள்ள நெடுஞ்சாலையில் வேகத் தடத்தினுள் நுழையக் கூடாது. வண்டிக்குள் சுமையை ஏற்றுவதிலும் முறை உண்டு. கனமான பொருள்கள் அச்சின் மேலும், தரையை ஒட்டியும் இருக்க வேண்டும். பின்புறம் பளு மிகுந்தால் ஓடும்போது வண்டி பாம்பைப் போல் நெளியத் தொடங்கி, காரையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும். ஆகவே புறப்படுமுன் ஒவ்வொரு பொருளும் தேவைதானா என்று எடை போடப்பட்டது. ஆளுக்கு இரண்டு மாற்றுடை, ஒரு குடும்பத்துக்கு மூன்று சட்டி, ஐந்து தட்டு, தொழுகை விரிப்புகள், ஒரு குர்ஆன் பிரதி. இவ்வளவே. வீட்டிலுள்ள மற்ற பொருள்கள் இல்லாமலே அந்த இரண்டு நாள்கள் கழிந்தன என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

கடலை ஒட்டிய பெரிய முகாம்களில் மதுக்கூடமும் இசை அரங்கும் இருப்பது வழக்கம். எம் உறவினர் அவற்றைத் தவிர்த்து, ஒரு விவசாயியின் புல்வெளியைத் தேர்ந்திருந்தார். சங்கங்களின் அங்கீகாரம் பெற்ற இத்தகைய சிறு தளங்களில் ஐந்து வண்டிகளுக்கு மேல் அனுமதி இல்லை. அமைதியும் ஒதுக்கமும் நாடும் முஸ்லிம் குடும்பத்துக்கு அவை மிகவும் ஏற்றவை.

போய்ச் சேர்ந்ததும் அனைவருக்கும் வேலை இருந்தது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி நான்கு மூலைகளிலும் தாங்குகால்களை இறக்குவது தந்தையின் பணி. மின் இணைப்பைப் பொருத்துவது மகளின் பணி. உருட்டிச் செல்லும் பீப்பாயில் நாற்பது லிட்டர் குடிநீர் கொண்டு வருவது மூத்த மகனின் பணி. கழிவுநீர் சேரும் தொட்டியைப் பார்த்துக்கொள்வது இளையவன் பொறுப்பு. கழிப்பறையின் கொள்கலனைத் தந்தையே எடுத்துச் சென்று, அதற்கென ஒதுக்கிய இடத்தில் காலி செய்தார். குழாயைத் திறந்தால் கொட்டும் நீரின் அருமை, அதைச் சுமந்து வந்த சிறுவனுக்கு அன்றே விளங்கிவிட்டது. மறுநாள் உளூச் செய்யும்போது, ஒரு சொட்டுகூட வீணாகாமல் அவன் பார்த்துக்கொண்டான். ஓடும் ஆற்றருகே இருந்தாலும் உளூவில் நீரை விரயம் செய்யலாகாது என்னும் நபிபோதனையை, ஒரு பீப்பாய் அவனுக்குக் கற்றுத் தந்தது.

உள்ளே அகலம் ஏழு அடிதான். பகலில் இருக்கை, இரவில் கட்டில். ஒருவர் எழுந்தால் மற்றவர் ஒதுங்க வேண்டும். ஐவரும் அதனுள் உறங்க, நாம் வண்டியோடு இணைத்துக் கட்டிய கூடாரத்தில் படுத்துக்கொண்டோம். பக்கத்து வண்டியில் தங்கியிருந்த முதிய ஆங்கிலத் தம்பதியர்க்கு எம் பேத்தி சமோசாக்களைக் கொண்டு போய்க் கொடுத்தாள். தட்டு திரும்பி வந்தபோது அதில் அவர்கள் தோட்டத்துப் பிளம்ஸ் பழங்கள் நிறைந்திருந்தன. அண்டை வீட்டார் உரிமைக்கு, வீடு நிலையானதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை அல்லவா?

கடலை நோக்கிய தொழுகை

லிங்கன்ஷயர் கரையில், நம் சோழமண்டலக் கரையைப் போலவே, கதிரவன் கடலிலிருந்து எழுகின்றான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நம் கரையில் கிப்லாவை முன்னோக்கி நின்றால் கடல் முதுகுப்புறம் அமையும். அங்கோ கிப்லா தென்கிழக்கில் இருப்பதால், கடல் கண்ணெதிரே விரிகிறது. பனிக்காற்று வீசும் அதிகாலையில், புல்லின் மேல் விரிப்பை இட்டு, தந்தை இமாமாக நிற்க, பிள்ளைகளும் தாயும் அணிவகுத்துத் தொழுத அந்த ஃபஜ்ரு எம் உள்ளத்தை விட்டு அகலாது.

கோடையில் அந்நாட்டுத் தொழுகை நேரங்கள் நமக்குப் புதுமையாக இருக்கும். ஜூலையில் இரவு ஒன்பது மணிக்குப் பின்னரே மஃக்ரிபு. மே மாத நடுவிலிருந்து ஜூலை இறுதிவரை அங்கே வானம் முற்றிலும் இருள்வதில்லை. எனவே, இஷாவின் நேரத்தைக் கணிப்பதில் அறிஞர்கள் பல வழிகளைக் கூறியுள்ளனர். பயணம் செல்வோர் தத்தம் பள்ளிவாசலின் கால அட்டவணையை உடன் எடுத்துச் செல்வது நன்று. கஸ்ரு, ஜம்உ ஆகிய சலுகைகளிலும் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளிடையே வேறுபாடு உள்ளதால், புறப்படுமுன் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

கரையில் விழிப்பு

உல்லாசத் தலம் எதுவாயினும் அங்கே நல்லதும் அல்லாததும் கலந்தே இருக்கும். கடற்கரைக்குச் செல்லும் நம்மவர் சிலவற்றில் விழிப்பாக இருத்தல் வேண்டும்.

வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் அக்கரையின் தேசிய உணவு. மீன் ஹலால்தானே என்று எண்ணி உடனே வாங்கிவிடலாகாது. பல கடைகளில் உருக்கிய மாட்டுக் கொழுப்பில் பொரிக்கின்றனர். சில இடங்களில் மாவுக் கரைசலில் பீர் சேர்ப்பதும் உண்டு. தாவர எண்ணெயா, மாவில் என்ன கலந்துள்ளது, அதே எண்ணெயில் வேறு இறைச்சி பொரிக்கப்படுகிறதா என்று கேட்டால் கடைக்காரர் முகம் சுளிக்காமல் விடை கூறுகிறார்.

கரையோரச் சாலை முழுவதும் மின்விளக்கு ஒளிரும் விளையாட்டுக் கூடங்கள் உள்ளன. இரண்டு பென்ஸ் நாணயத்தைப் போட்டால், அது மற்ற நாணயங்களைத் தள்ளிவிடும் பொறி ஒன்று அங்கே சிறுவரை ஈர்க்கிறது. இத்தகைய சிறு பந்தயப் பொறிகளில் சிறுவர் ஆடுவதற்கு அந்நாட்டுச் சட்டம் இடமளிக்கிறது. நம் மார்க்கம் இடமளிக்கவில்லை. இளையவன் அதன் முன் நின்றுவிட்டபோது தந்தை அவனைக் கடிந்துகொள்ளவில்லை. சற்று நேரம் உடன் நின்று, எத்தனை பேர் போட்டார்கள், எத்தனை பேர் எடுத்தார்கள் என்று எண்ணச் சொன்னார். எண்ணி முடித்த சிறுவன் தானே அங்கிருந்து நகர்ந்தான்.

கடலில் இறங்குவோர் கொடிகளை அறிந்திருக்க வேண்டும். சிவப்பும் மஞ்சளும் கொண்ட இரு கொடிகளுக்கு இடையே உயிர்காப்போர் கண்காணிக்கின்றனர். முழுச் சிவப்புக் கொடி பறந்தால் நீரில் இறங்கவே கூடாது. கரையிலிருந்து கடல் நோக்கிக் காற்று வீசும்போது, காற்றடைத்த மிதவைகளில் குழந்தைகளை விடுவது பேராபத்து. அந்தக் கடலின் சீற்றம் சாதாரணமானதன்று. 1953 ஜனவரி 31 இரவில் வடகடல் பொங்கி எழுந்தபோது, இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1881-இல் திறக்கப்பட்ட ஸ்கெக்னெஸ் கடற்பாலத்தின் பெரும்பகுதியை, 1978 ஜனவரியில் வீசிய புயல் பெயர்த்தெடுத்துச் சென்றது.

வண்டிக்குள்ளும் ஓர் ஆபத்து உண்டு. மழைக்கும் குளிருக்கும் அஞ்சிக் கரி அடுப்பைக் கூடாரத்தினுள் கொண்டு வந்துவிடுவோர் உளர். அணைந்ததுபோல் தோன்றும் கரியிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு வெளிப்படும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குவோர் விழிக்கமாட்டார். இவ்வாயுவை உணர்ந்து ஒலியெழுப்பும் சிறு கருவி ஒவ்வொரு வண்டியிலும் இருத்தல் இன்றியமையாதது.

மனத்துக்கு இதமான காட்சிகளுக்கும் குறைவில்லை. கழுதைச் சவாரி அக்கரைகளின் பழைய பொழுதுபோக்கு. பிளாக்பூல் நகரில் 1942-இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி, சவாரிக் கழுதைகளுக்கு வேலை நேரமும் உணவு இடைவேளையும் வரையறுக்கப்பட்டுள்ளன. அவற்றுக்கு வாராந்தர விடுமுறை எந்த நாள் தெரியுமா? வெள்ளிக்கிழமை! வாயில்லா உயிர்களின் உரிமைகளை வலியுறுத்தும் மார்க்கத்தைச் சேர்ந்த நமக்கு இச்செய்தி மகிழ்ச்சி தரும்.

ஸ்கெக்னெஸ் ஊருக்குச் சற்றுத் தெற்கே உவர்நிலமும் மணல்மேடும் பறவைகளும் நிறைந்த ஒரு காப்பகம் உள்ளது. கூட்டம் இல்லாத அவ்விடத்தில்தான் பெண்கள் கண்ணியத்தோடு உலவ முடிந்தது. அதன் பெயர் ஜிப்ரால்டர் முனை. ஸ்பெயினின் தென்கோடியில் 711-ஆம் ஆண்டு கரையிறங்கிய தளபதி தாரிக் பின் ஸியாத் அவர்களின் பெயரால் அமைந்த 'ஜபல் தாரிக்' என்பதே ஜிப்ரால்டர் ஆயிற்று. அப்பெயர் எத்தனையோ காதம் தாண்டி வந்து, இந்த வடகடல் சேற்று நிலத்தில் தங்கியிருப்பதைப் பேரப்பிள்ளைகளுக்கு எடுத்துச் சொன்னோம்.

மழை பெய்த பிற்பகல்

சனிக்கிழமை பிற்பகல் முழுவதும் மழை. ஆறு பேரும் அந்த ஏழடி அகலத்துக்குள் முடங்கினோம். கைப்பேசிகளுக்கு அங்கே சமிக்ஞை கிடைக்கவில்லை. முதலில் பிள்ளைகள் முணுமுணுத்தனர். பிறகு பேசத் தொடங்கினர். மூத்த மகன் தன் தந்தையிடம், "வாப்பா, நீங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பா உங்களை எங்கே கூட்டிச் சென்றார்கள்?" என்று கேட்டான்.

எம் தங்கை மகன் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "அப்பா பினாங்கில் சபரில் இருந்தார்கள். எனக்குப் பன்னிரண்டு வயது ஆகும்வரை நான் அவர்களை நான்கு முறைதான் பார்த்திருக்கிறேன். முதல் தடவை வந்தபோது, அவர்களைக் கண்டு பயந்து உம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேனாம். ஊருக்கு வந்தால் விருந்து, கல்யாணம், கந்தூரி என்று நாள் ஓடிவிடும். எங்கும் கூட்டிப் போக அவர்களுக்கு நேரம் இருந்ததில்லை" என்றார்.

அதன்பின் அவர் தணிந்த குரலில் ஒன்று சொன்னார்: "நான் அப்படி இருக்கக் கூடாது என்றுதான் குடும்பத்தையும் இங்கே அழைத்து வந்தேன். ஆனால் ஒரே வீட்டில் இருந்துகொண்டே நானும் சபரில்தான் இருக்கிறேன்."

அந்தச் சொல்லின் கனத்தை நம் கடலோர ஊர்களில் வாழ்பவர் அறிவர். பிற மொழியினர்க்குப் பயணம் என்பது பார்த்து மகிழும் நிகழ்ச்சி. நம் இல்லங்களிலோ 'சபர்' என்ற சொல்லுக்குப் பிரிவு என்பதே பொருளாகிவிட்டது. பர்மா, இலங்கை, மலேயா என்று பாட்டனார் சென்றனர். சவூதி, துபாய், குவைத் என்று தந்தையர் சென்றனர். பொருள் வந்தது. மாடி வீடுகள் எழுந்தன. அவ்வீடுகளில் ஒரு தலைமுறை, தந்தையின் குரலைக் கடிதத்திலும் ஒலிநாடாவிலும் தொலைபேசியிலும் கேட்டே வளர்ந்தது. அவர்களின் தியாகத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. குடும்பத்துக்காக உழைப்பது இபாதத். ஆயினும் குடும்பத்துக்குப் பொருள் மட்டும் போதுமா?

அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள், அலுவல் முடிந்த பயணி தாமதியாமல் தன் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்ப வேண்டுமென அறிவுறுத்தியுள்ளார்கள். பயணங்களில் தம் துணைவியரையும் உடன் அழைத்துச் சென்றார்கள். அத்தகைய பயணமொன்றில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடினார்கள். அன்னை வென்றார்கள். பின்னொரு முறை அண்ணலார் வென்றார்கள். ஓர் உம்மத்தின் தலைமைப் பொறுப்பைத் தோளில் சுமந்தவர்களுக்கு, துணைவியாரோடு ஓடி விளையாட நேரம் இருந்தது. இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் உரிய உரிமைகளைத் தனித்தனியே நிறைவேற்ற வேண்டும் என்று சல்மான் (ரலி) அவர்கள் அபூதர்தா (ரலி) அவர்களுக்கு எடுத்துரைத்ததை, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உண்மையென ஏற்றார்கள்.

தாய்க்கு ஓய்வு எப்போது?

மழை விட்டதும் இரவு உணவு ஆயிற்று. எம் உறவினரும் மூத்த மகனும் பாத்திரங்களை வாளியில் அள்ளிக்கொண்டு, பொதுக் கழுவுமிடத்துக்குச் சென்றனர். அங்கே பக்கத்து வண்டி முதியவரும் துடைக்கும் துணியோடு நின்றிருந்தார். வீட்டின் தலைவியோ மடக்கு நாற்காலியில் சாய்ந்து, கையில் ஒரு நூலோடு அமர்ந்திருந்தார். நாம் வியப்போடு நோக்குவதைக் கண்டு அவர் சிரித்தார். "மாமா, இந்த அடுக்களையில் ஓர் ஆள் நிற்கத்தான் இடம் இருக்கிறது. இரண்டு நாளைக்கு அந்த ஓர் ஆள் நான் இல்லை!" என்றார்.

நகைச்சுவையாகச் சொன்னாலும் அதில் ஒரு நியாயம் பொதிந்துள்ளது. நம் குடும்பங்கள் விடுமுறைக்கு எங்கேனும் சென்றாலும், அடுப்பும் அரிசிப் பையும் உடன் செல்கின்றன. ஆண்கள் பாய் விரித்துப் படுக்க, பெண்கள் அங்கும் தேக்சாவின் முன்னே வியர்வை சிந்துகின்றனர். இடம்தான் மாறுகிறது, வேலை மாறுவதில்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இல்லத்தில் இருக்கும்போது வீட்டு வேலைகளில் ஈடுபட்டார்கள் என்றும், தம் காலணியைத் தாமே தைத்தார்கள் என்றும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். இந்த ஸுன்னத்தை நம்மில் எத்தனை ஆண்கள் பேணுகிறோம்?

வாசகர்களே! இதைப் படித்துவிட்டுச் சக்கர வீடு ஒன்றுக்கு ஆசைப்பட வேண்டியதில்லை. அது அந்நாட்டின் சாலைக்கும் அந்நாட்டின் வருமானத்துக்கும் ஏற்பட்டது. அதனுள் இருந்த மூன்று செய்திகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். குடும்பத்தார் அனைவரும் ஓரிடத்தில், கைப்பேசியின் குறுக்கீடு இன்றி, இரண்டு நாள் சேர்ந்திருத்தல். வேலைகளைச் சிறியவர் முதல் பெரியவர்வரை பங்கிட்டுக்கொண்டு தாய்க்கு ஓய்வளித்தல். ஐவேளைத் தொழுகையையும் தந்தை முன்னின்று, குடும்பமே ஜமாஅத்தாகத் தொழுதல். இதற்குச் சக்கரம் வேண்டாம். உறவினரின் தோப்பு வீடு போதும். அருகிலுள்ள கடலோ, ஆறோ, மலையடிவாரமோ போதும்.

குறிப்பாக, வெளிநாட்டிலிருந்து விடுப்பில் வரும் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் விடுப்பு முப்பது நாளோ, நாற்பது நாளோ இருக்கலாம். திருமண அழைப்பு, வீட்டு வேலை, பத்திரப் பதிவு, உறவினர் விருந்து என அனைத்தும் அதில் பங்கு கேட்கும். எல்லாவற்றுக்கும் முன்னதாக, ஊர் வந்த முதல் வாரத்திலேயே, இரண்டு நாள்களை மனைவி மக்களுக்கென்று எடுத்து வையுங்கள். நீங்கள் கொண்டு வரும் பெட்டியைவிட உங்கள் குழந்தை காத்திருப்பது உங்களுக்காகத்தான். பெட்டியில் உள்ளவை ஆறு மாதத்தில் பழையனவாகிவிடும். அந்த இரண்டு நாள்களை அது தன் பிள்ளைகளுக்கும் எடுத்துச் சொல்லும்.

பிரிந்து வாழும் குடும்பங்களை நலமுடன் ஒன்று சேர்த்து, சேர்ந்து வாழும் குடும்பங்களில் அன்பையும் பரக்கத்தையும் நிலைபெறச் செய்ய வல்ல ரஹ்மான் அருள் புரிவானாக! ஆமீன்.